கடைசி ராத்திரிக்கு ஒரு வரலாறு: எடின்பரோ ஃப்ரிஞ்சும் ஒரு மணி நேரச் சிரிப்பும்

நெட்ஃப்ளிக்ஸில் ஸ்டாண்ட்-அப் காமெடி பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய நகைச்சுவையாளர்கள் பேட்டி கொடுத்தால் எங்கேயாவது ஒரு இடத்தில் "எடின்பரோ" வந்துவிடும். "எடின்பரோவுக்கு ஒரு ஷோ தயார் பண்ணினேன்", "எடின்பரோவில் கடன் ஆச்சு", "எடின்பரோ முடிச்சு வந்து ஒரு வாரம் தூங்கினேன்". நம்ம ஊர் கர்நாடக சங்கீதக்காரர்கள் "சீசன்" என்று சொல்கிற மாதிரிதான் சொல்கிறார்கள். ஆனால் மார்கழி சீசனில் ஒரு வித்வான் சபாவுக்கு சபா கச்சேரி மாற்றுவார். இங்கே நடப்பது வேறு. ஒரே ஆள், ஒரே அறை, ஒரே மணி, ஒரே நிகழ்ச்சி. ஆகஸ்ட் மாதம் முழுக்க, கிட்டத்தட்ட 25 நாள். நடுவில் ஒரு நாளோ இரண்டு நாளோ லீவு.

யார் இப்படி ஒரு ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது? எந்த நாட்டிலும் சிரிக்க வைக்கிறவனுக்கு இயல்பாகக் கிடைப்பது பத்து நிமிஷம். பழைய இங்கிலாந்து மியூசிக் ஹாலில் கோமாளி, அடுத்த உருப்படி வருவதற்குள் முடித்துக்கொண்டு போக வேண்டும். தனியாக ஒரு ஆள் ஒரு மணி நேரம் நின்று பேசுவதும், அதையே ஒரு மாதம் தினமும் செய்வதும் எப்படி வழக்கமாச்சு? கொஞ்ச நாளாக இதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தேன். யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை என்பதுதான் கிடைத்த பதில். அது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கூப்பிடாமல் வந்த எட்டுக் குழுக்கள்

1947. இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டு வருஷம். பிரிட்டனில் ரேஷன் இன்னும் தீரவில்லை. அந்த நேரத்தில் ஸ்காட்லாந்தின் தலைநகரில் சர்வதேசக் கலைவிழா ஒன்று தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் ருடால்ஃப் பிங். வியன்னாவில் பிறந்த யூதர், நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து வந்தவர். முதல் வருஷமே வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வந்தது. நாஜிகளால் ஆஸ்திரியாவை விட்டு ஓட நேர்ந்த நடத்துநர் புருனோ வால்டர், தன் பழைய குழுவோடு அங்கே மறுபடி சேர்ந்தார். போரில் கிழிந்த ஐரோப்பாவைக் கலையால் தைக்கலாம் என்ற நம்பிக்கை அது.

ஆனால் அழைப்பிதழ் எல்லோருக்கும் போகவில்லை. எட்டு நாடகக் குழுக்கள், அதில் ஆறு ஸ்காட்லாந்துக் குழுக்கள், "எங்க ஊர் விழாவில் எங்களுக்கு இடமில்லையா?" என்று தாங்களாகவே வந்து நாடகம் போட்டன. கிளாஸ்கோ யூனிட்டி தியேட்டர் கார்க்கியின் நாடகத்தைக் கொண்டுவந்தது. ஒரு நாடகம் எடின்பரோவிலேயே நடக்கவில்லை. ஃபோர்த் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், டன்ஃபெர்ம்லின் மடாலயத்தில் நடந்தது. விழாவிலிருந்து பணம் வரவில்லை. நட்டம் வந்தால் அவரவர் தலையில்.

அடுத்த வருஷம், 1948-இல், ராபர்ட் கெம்ப் என்ற எழுத்தாளர் பத்திரிகையில் எழுதும்போது, அதிகாரபூர்வ விழாவின் விளிம்பில் நடப்பவை என்ற பொருளில் "ஃப்ரிஞ்ச்" என்ற சொல்லைப் போட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. புடவையின் ஓரத்தில் தொங்குகிற குஞ்சத்துக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். இன்றைக்கு குஞ்சம் புடவையை விடப் பெரிசாகிவிட்டது என்பது வேறு கதை.

1950களின் கடைசியில் ஃப்ரிஞ்சுக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. டிக்கெட் விற்பது, நிகழ்ச்சிப் பட்டியல் அச்சடிப்பது இதெல்லாம் அதன் வேலை. எந்த நிகழ்ச்சி நல்லது, எது மோசம் என்று தேர்வு செய்வது அதன் வேலை கிடையாது என்பதையும் அப்போதே கொள்கையாக வைத்துக்கொண்டார்கள். இடம் பிடித்து, பதிவுக் கட்டணம் கட்டினால் போதும். இன்றுவரை அந்த விதி மாறவில்லை. கதவு திறந்தே இருக்கும். இந்தத் திறந்த கதவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் இதுக்குத் திரும்பி வருவேன்.

எழுதிக்கொடுத்துச் சிரிக்க வைத்த காலம்

முதல் முப்பது வருஷம் ஃப்ரிஞ்ச் என்றால் நாடகம்தான். நகைச்சுவை உண்டு, ஆனால் அது "ரெவ்யூ" வடிவத்தில். நாலைந்து பேர், சின்னச் சின்ன நாடகத் துணுக்குகள், நடுவில் பியானோ. பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள்.

இதில் உச்சம் 1960. பீட்டர் குக், டட்லி மூர், ஆலன் பென்னட், ஜோனதன் மில்லர் என்ற நான்கு இளைஞர்கள் "பியாண்ட் த ஃப்ரிஞ்ச்" என்ற ரெவ்யூவைப் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பேரில் ஃப்ரிஞ்ச் இருந்தாலும் அது ஃப்ரிஞ்ச் நிகழ்ச்சி இல்லை. ஃப்ரிஞ்சில் மாணவர்கள் கூட்டத்தை அள்ளுவதைப் பார்த்து, அதிகாரபூர்வ விழாக்காரர்களே நாங்களும் போடுகிறோம் என்று ஏற்பாடு செய்தது. அங்கிருந்து லண்டன் போய், பிறகு நியூயார்க் பிராட்வே வரைக்கும் போனது. பதவியில் இருக்கிற பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லனை மேடையில் அப்படியே நடித்துக் கிண்டல் பண்ணியது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல். மேக்மில்லனே ஒருநாள் பார்க்க வந்து உட்கார்ந்திருக்க, பீட்டர் குக் எழுதின வசனத்தைத் தாண்டி நேராக அவரைப் பார்த்தே பேசினார்.

எழுதின வசனத்தைத் தாண்டுவது அப்போது சின்ன விஷயம் இல்லை. 1737-இல் வந்த சட்டப்படி, பிரிட்டனில் மேடையேறும் நாடகப் பிரதி எதுவானாலும் லார்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ரெவ்யூவும் அதில் அடக்கம். இதைப் படித்தபோது நமக்கு எம்.ஆர். ராதா ஞாபகம் வராமல் இருக்காது. 1876-இல் இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த நாடகச் சட்டமும், 1954-இல் சென்னை மாகாணத்தில் வந்த, ராதாவுக்காகவே போட்டது என்று இன்றும் பேசப்படுகிற சட்டமும் இதே பயத்தில் பிறந்தவைதான். மேடையில் நிற்கிறவன் இன்றைய பேப்பரைப் பார்த்து அப்போதைக்கு ஒன்று சொல்லிவிட்டால்? பிரதியில் அது இருக்காது, அதிகாரி அதைப் பிடிக்க முடியாது.

பிரிட்டனில் அந்த முன்தணிக்கை 1968-இல் ஒழிந்தது. அதுக்குப் பிறகு பத்து வருஷம் கழித்து, 1979-இல் லண்டன் சோஹோவில் காமெடி ஸ்டோர் என்ற கிளப் திறந்தது. மாமியார் ஜோக், கறுப்பர் ஜோக், அயர்லாந்துக்காரர் ஜோக் என்று கைமாறி வந்த துணுக்குகளை விட்டுவிட்டு, தன் சொந்த வாழ்க்கையையும் அரசியலையும் பேசுகிற ஒரு கூட்டம் அங்கே உருவானது. மாற்று நகைச்சுவை என்று அதுக்குப் பெயர். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த அலெக்சி சேல், டோனி ஆலன் இருவரும் 1980-இல் எடின்பரோ வந்தார்கள். மைக் ஒன்று போதும், செட்டு வேண்டாம், குழு வேண்டாம் என்ற வடிவம் ஃப்ரிஞ்சுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

பரிசுப் பட்டியல் சொல்லும் கதை

1981-இல் பெரியே என்ற பாட்டில் தண்ணீர் நிறுவனம் ஃப்ரிஞ்சின் சிறந்த நகைச்சுவை நிகழ்ச்சிக்கு ஒரு பரிசு அறிவித்தது. ஆராய்ச்சி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம், அந்தப் பரிசு வாங்கியவர்களின் பட்டியலை மட்டும் வரிசையாகப் படித்தாலே மாற்றம் தெரிகிறது.

முதல் பரிசு கேம்பிரிட்ஜ் ஃபுட்லைட்ஸ் மாணவர் குழுவுக்கு. ஸ்டீஃபன் ஃப்ரை, ஹியூ லாரி, எம்மா தாம்சன் எல்லாம் அதில் இருந்தார்கள். அடுத்த நாலு வருஷமும் குழுக்களே வாங்குகின்றன. 1986-இல் பென் கீட்டன் என்ற தனி ஆள். 1988-இல் ஜெரெமி ஹார்டி, 1989-இல் சைமன் ஃபேன்ஷா, 1990-இல் ஷான் ஹ்யூஸ், 1991-இல் ஃப்ராங்க் ஸ்கின்னர். பத்தே வருஷத்தில் குழு போய் ஒற்றை ஆள் வந்துவிட்டார். 1995-இல் ஜென்னி எக்லேர், தனியாக இந்தப் பரிசை வென்ற முதல் பெண்.

இதில் ஷான் ஹ்யூஸ் முக்கியமானவர். அப்போது அவருக்கு வயசு 24. மேடையில் தன் வாடகை அறையையே செட்டாக வைத்துக்கொண்டு, தொடர்பில்லாத ஜோக்குகளாக இல்லாமல் ஆரம்பமும் முடிவும் உள்ள ஒரு கதையாகச் சொன்னார். ஒரு மணி நேர நிகழ்ச்சி என்றால் அதுக்கு ஒரு முதுகெலும்பு வேண்டும் என்ற எண்ணம் அதுக்குப் பிறகுதான் வலுப்பட்டது. பரிசும் ஒரு துணுக்குக்குக் கிடைப்பதில்லை, முழு நிகழ்ச்சிக்குத்தான். ஆக, கிளப்பில் 20 நிமிஷம் வெளுத்து வாங்குகிறவரும் எடின்பரோ என்று வந்தால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதியாக வேண்டும்.

சரி, ஏன் ஒரு மணி நேரம்? இதுக்குக் கலைக் காரணத்தை விட வாடகைக் காரணம் பெரிது. 1980களில் அசெம்பிளி ரூம்ஸ், ப்ளெசன்ஸ், கில்டட் பலூன் என்று பெரிய அரங்க நிர்வாகங்கள் வந்தன. ஒரு கட்டடத்தில் பல அறை, ஒரு அறையில் காலையிலிருந்து நடுராத்திரி வரை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ச்சி. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணிக்கூறு. 55 நிமிஷத்தில் முடித்து இறங்கினால்தான் அடுத்தவர் ஏற முடியும். ஓட்டலில் சாப்பாட்டு நேரத்தில் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்பார்களே, அந்த மாதிரி. அறையை மாதம் முழுக்க எடுத்தால்தான் அரங்குக்காரருக்கும் கட்டுப்படியாகும். ஒரு மணி நேரமும் ஒரு மாதமும் இப்படித்தான் ஒட்டிக்கொண்டன.

25 ராத்திரி என்ன செய்யும்?

முதல் மூன்று நாள் முன்னோட்டம், டிக்கெட் விலை குறைவு. தொடக்கத்தில் ஒரு திங்கள், செவ்வாய் ஒரு டிக்கெட் வாங்கினால் ஒன்று இலவசம். பகலில் ராயல் மைல் தெருவில் நின்று போகிற வருகிறவர்களிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பெயர் வந்தவர்கள் ஆள் வைத்துக் கொடுப்பார்கள், மற்றவர்கள் தாங்களே. விமர்சனம் வந்து நாலு நட்சத்திரம் கிடைத்தால், அதைத் துண்டுச் சீட்டில் அச்சடித்து பழைய நோட்டீஸ் மேல் ஸ்டேப்ளர் அடிப்பார்கள். ராத்திரி முடிந்ததும் மறுபடி நாளைக்கு.

தினமும் அதே வார்த்தையைச் சொல்லும்போது ஒன்று நடக்கிறது. முதல் வாரம் சிரிப்பு வந்த இடத்தில் மூன்றாம் வாரம் சிரிப்பு வராது. வார்த்தை மாறவில்லை, மூச்சு மாறியிருக்கும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த வரி தேவையே இல்லை என்பதெல்லாம் பேப்பரில் தெரியாது, இருபது தடவை தோற்றால்தான் தெரியும். நெட்ஃப்ளிக்ஸில் நாம் பார்க்கிற பல நிகழ்ச்சிகளின் சுத்தம் இந்த அரைப்பில் வந்தது. ஹன்னா கேட்ஸ்பியின் "நானெட்" 2017-இல் அங்கே பரிசு வாங்கியது. ஜான் ராபின்ஸும் அவரும் பகிர்ந்துகொண்டார்கள், அந்தப் பரிசு இருவருக்குப் பிரிந்தது அதுவே முதல் தடவை. மறு வருஷம்தான் உலகம் அதை டிவியில் பார்த்தது. ஃபீபி வாலர்-பிரிட்ஜின் "ஃப்ளீபேக்" 2013-இல் அங்கே ஒற்றை ஆள் நாடகம். ரிச்சர்ட் கேட்டின் "பேபி ரெயின்டீர்" 2019-இல் அங்கே மேடையேறியது.

நம்ம ஆட்களும் உண்டு. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த ரொமேஷ் ரங்கநாதன் முதலில் கணக்கு வாத்தியார். 2013-இல் புதுமுகப் பிரிவிலும் 2014-இல் முதன்மைப் பிரிவிலும் பரிந்துரைக்கப்பட்டார். 2023-இல் இந்திய வம்சாவளி அஹிர் ஷா, தன் தாத்தா இங்கிலாந்துக்கு வந்து உழைத்த கதையைச் சொல்லி முதன்மைப் பரிசையே வாங்கினார். அதே வருஷம் புதுமுகப் பரிசு மும்பைப் பெண் உரூஜ் அஷ்ஃபாக்குக்கு. ஜேம்ஸ் அகாஸ்டர் என்பவர் 2012 முதல் 2016 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் பரிந்துரைக்கப்பட்டு ஒரு தடவைகூட வாங்கவில்லை. அதுவே அவருடைய அடையாளம் ஆகிவிட்டது.

பில் யாருக்கு?

இதெல்லாம் ஜெயித்தவர்கள் கதை. ஒரு சாதாரண நகைச்சுவையாளரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது நான் உதாரணத்துக்குப் போடுகிற கணக்கு. 50 பேர் உட்காரும் அறை, டிக்கெட் 12 பவுண்டு, 24 நாள் நிகழ்ச்சி. தினமும் பாதி அறை நிரம்புகிறது என்று வைப்போம். மொத்தம் 7,200 பவுண்டு. அதில் 20 சதவீத வாட் வரி கழித்தால் 6,000. வழக்கமான ஒப்பந்தப்படி 60 பங்கு கலைஞருக்கு, 40 பங்கு அரங்குக்கு. கையில் 3,600. அதிலிருந்து ஒரு மாத வீட்டு வாடகை, போஸ்டர், நோட்டீஸ், விளம்பர ஆள், பட்டியலில் பெயர் போடும் கட்டணம், சாப்பாடு, ரயில். பல ஒப்பந்தங்களில் அரங்குக்குக் குறைந்தபட்சத் தொகை என்றும் ஒன்று இருக்கும், கூட்டம் வராவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும். மீதி என்ன நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பாதி அறை நிரம்புவதே பலருக்குக் கனவு.

இதை ஒருத்தர் எதிர்த்துப் பார்த்தார். பீட்டர் பக்லி ஹில் என்ற நகைச்சுவையாளர் 1996-இல் அறை வாடகை இல்லாமல், டிக்கெட் இல்லாமல் ஒரு பார் அறையில் நிகழ்ச்சி நடத்தினார். முடிவில் வாசலில் வாளி. பிடித்தால் போடுங்கள், இல்லாவிட்டால் போங்க. பாருக்கு வியாபாரம், கலைஞருக்கு வாடகை மிச்சம். இலவச ஃப்ரிஞ்ச் என்று அது வளர்ந்தது. 2009-இல் பரிசுக் குழுவே அவருக்குத் தனி விருது கொடுத்தது. 2014-இல் ஜான் கேர்ன்ஸ் ஒரு இலவச நிகழ்ச்சியைக் கொண்டுவந்து முதன்மைப் பரிசை வாங்கினார். முந்தின வருஷம் புதுமுகப் பரிசும் அவருக்குத்தான். தெருக்கூத்தில் தட்டு ஏந்துவது நமக்குப் புதுசில்லை. பிரிட்டனின் மிகப் பெரிய நகைச்சுவைப் பரிசு ஒரு வாளிக்கு முன்னால் பணிந்தது எனக்கு இந்த வரலாற்றிலேயே பிடித்த இடம்.

ஆனால் வாளி அறை வாடகையைத்தான் தீர்த்தது, வீட்டு வாடகையை இல்லை. 2019-இல் 3,800-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள், 30 லட்சத்துக்கும் மேல் டிக்கெட்டுகள் என்று ஃப்ரிஞ்ச் உச்சம் தொட்டது. 2020-இல் கொரோனா வந்து முதல் தடவையாக விழாவே நின்றது. திரும்பி வந்தபோது ஆகஸ்ட் வாடகை எங்கேயோ போயிருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கும் அதில் நியாயமான கோபம் உண்டு. சுற்றுலாக்காரர்களுக்கு விடுவதற்காக வீடுகள் குடியிருப்பிலிருந்து கைநழுவுகின்றன. அதனால் குறுகிய கால வாடகைக்கு ஸ்காட்லாந்து அரசு உரிமம் கட்டாயமாக்கியது. அந்த ஊரில் குடியிருப்பவருக்கும் அங்கே சிரிக்க வைக்க வருபவருக்கும் ஒரே படுக்கையறைக்கு இப்போது போட்டி.

1947-இல் அந்த எட்டுக் குழுக்கள் வந்தபோது அவர்களைத் தடுத்தது அழைப்பிதழ். இன்றைக்கு அழைப்பிதழ் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று விதியே இருக்கிறது. ஆனால் யார் வேண்டுமானாலும் ஒரு மாதம் தங்க முடியாது. நட்டம் தாங்குகிற அப்பா அம்மா உள்ளவர், லண்டனில் ஏற்கெனவே ஏஜென்ட் உள்ளவர், இவர்கள்தான் மூன்று வருஷம் தொடர்ந்து வந்து தோற்று நாலாவது வருஷம் ஜெயிக்க முடியும். முன்பு அதிகாரி பிரதியைப் படித்துப் பார்த்து வடிகட்டினார். இப்போது வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்டு வடிகட்டுகிறார். முன்னதை ஒரு சட்டத்தால் ஒழிக்க முடிந்தது. பின்னதை எதைப் போட்டு ஒழிப்பது?

கடைசித் திங்கள்

ஃப்ரிஞ்ச் முடிவது ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமையில். இங்கிலாந்தில் அன்று பொது விடுமுறை. ஸ்காட்லாந்துக்கு அது இல்லை, அவர்களுடைய கோடை விடுமுறை ஆகஸ்ட் முதல் திங்களோடு முடிந்திருக்கும். ஆக, வந்தவர்கள் கடைசி நிகழ்ச்சிக்கு ஏறுகிற அன்று ஊர்க்காரர்கள் ஆபீஸ் போய்க்கொண்டிருப்பார்கள். பரிசு அறிவிப்பு அதுக்கு முன்பே முடிந்திருக்கும். ஜெயித்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதுக்குப் பிறகும் ஆயிரக்கணக்கான பேர், பரிசு இல்லை, டிவி இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகும், போய் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைச் செய்கிறார்கள்.

இந்தக் குறிப்புகளை எடுக்கும்போது நான் அடிக்கடி நினைத்தது அந்த ஆளைத்தான். இருபத்து நாலு தடவை சொல்லித் தேய்ந்த வரி, இருபத்தைந்தாவது தடவை முழுசாக அவர் வசம் வந்திருக்கும். எங்கே நிறுத்தணும் என்று இப்போதுதான் தெரியும். அந்த அறையில் பத்து பேர் இருக்கலாம். அந்த மாதத்திலேயே சிறந்த நிகழ்ச்சி அவர்களுக்குத்தான் கிடைக்கும். முடித்து இறங்கியதும் அறையின் கறுப்புத் திரையை அவிழ்க்க ஆட்கள் காத்திருப்பார்கள், ஏனென்றால் செப்டம்பரில் அது மறுபடி ஒரு கல்லூரி வகுப்பறை, ஒரு தேவாலயக் கூடம், ஒரு பாரின் மாடி.

கூப்பிடாமல் வந்தவர்கள் தொடங்கியது அது. இன்றைக்கும் அதை நடத்திக்கொண்டிருப்பது, நட்டம் என்று தெரிந்தும் கடைசி நாள் மேடையேறுகிற இவர்கள்தான். அடுத்த தடவை டிவியில் யாராவது "எடின்பரோவில் இருந்தப்போ..." என்று ஆரம்பித்தால், அந்த வாடகை ரசீதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.